சேவ் செய்தும் நிற்காத செட்டிங்ஸ்: உங்கள் ரூட்டர் எப்போது மறக்கிறது?

வைஃபை பெயரை மாற்றி, பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, 'சேவ்' பட்டனை அழுத்தியாயிற்று. சேமிக்கப்பட்டது என்று திரையிலும் வந்துவிட்டது. வீட்டிலிருக்கும் போன், டிவி, லேப்டாப், வாசல் கேமரா என்று ஒவ்வொன்றிலும் புதிய பாஸ்வேர்டைத் தட்டி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. மறுநாள் காலையில் ஒன்றும் இணையவில்லை. போனை எடுத்துப் பார்த்தால், கம்பெனியில் வைத்து அனுப்பிய பழைய பெயரே மறுபடியும் வந்து நிற்கிறது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங். யாருக்கும் நெட் இல்லை.

இதற்கு உடனே கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "ரூட்டர் போயிடுச்சு சார், புதுசு போட்டுக்கலாம்." கடைக்காரரும் சொல்வார், கேபிள்காரரும் சொல்வார், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரும் சொல்வார். அதை நம்பிப் பெட்டியை மாற்றிய வீடுகளில், புதிய பெட்டியும் சில நாளில் அதே வேலையைக் காட்டுவது உண்டு. செட்டிங்ஸ் நிற்காமல் போவதற்கு உள்ள காரணங்களில் பெட்டி பழுதாவதும் ஒன்று. ஆனால், அது வரிசையில் கடைசியில் வைத்துப் பார்க்க வேண்டிய காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது, ரூட்டர் எந்த நேரத்தில் மறக்கிறது என்பதைத்தான். சேவ் கொடுத்த கையோடா, ரீஸ்டார்ட் ஆனதுமா, கரன்ட் போய் வந்த பிறகா, அல்லது எதுவுமே நடக்காமல் ஒரு ராத்திரியிலா? மறக்கும் நேரம் தெரிந்துவிட்டால், காரணம் பாதி தெரிந்த மாதிரி.

பெட்டிக்குள்ளே இரண்டு நினைவு

ரூட்டர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் பிராசஸர் இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் ஓடுகிறது, இரண்டு விதமான நினைவகங்கள் இருக்கின்றன. ஒன்று ரேம், கரன்ட் இருக்கும் வரைதான் அதில் இருப்பது நிற்கும். இன்னொன்று ஃபிளாஷ், கரன்ட் போனாலும் அதில் எழுதியது அழியாது. மளிகைக் கடையில் நாள் முழுக்க நடக்கும் வரவு செலவைச் சிட்டையில் குறித்துக்கொண்டே வந்து, கடை கட்டும்போது பேரேட்டில் ஏற்றுவார்களே, அந்த ஏற்பாடுதான் இங்கும். நீங்கள் திரையில் மாற்றும் செட்டிங்ஸ் முதலில் ரேமுக்குப் போகிறது. அங்கிருந்து ஃபிளாஷில் ஏற்றினால்தான் நிரந்தரம்.

பல ரூட்டர்களின் உள்ளே இந்த இரண்டும் தனித்தனிக் கட்டளைகளாகவே இருக்கின்றன. பிராட்காம் சில்லு உள்ள ரூட்டர்களில் மதிப்பை மாற்றுவதற்கு 'என்வி-ரேம் செட்', அதை ஃபிளாஷில் எழுதுவதற்கு 'என்வி-ரேம் கமிட்'. இரண்டாவது கட்டளை ஓடாத வரை புதிய பெயர், புதிய பாஸ்வேர்டு எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் ஆன நொடியில் காணாமல் போகும். டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம்களை வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் 'அப்ளை' கொடுத்த பிறகு, கடைசியாக மெனுவில் தேடிப்போய் 'சேவ்/ரீபூட்' என்ற தனிப் பட்டனை அழுத்த வேண்டும். அதை விட்டவர்களுக்கு அத்தனை உழைப்பும் வீண். இன்றும் சில மாடல்களில் அந்தப் பட்டன் வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது. பக்கத்தின் மேல் மூலையிலோ அடியிலோ சேமிக்காத மாற்றங்கள் இருப்பதாக ஒரு வரி தெரிகிறதா என்று பாருங்கள்.

அந்த ஃபிளாஷில் எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. மூடியைத் திறந்தால், போர்டில் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு கறுப்புச் சில்லு தெரியும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் அது தைவானின் வின்பாண்ட் நிறுவனத்தின் 25கியூ64 வகையாகவோ, அதன் அண்ணன் தம்பி வகையாகவோ இருக்கும். கொள்ளளவு 64 மெகாபிட், அதாவது 8 எம்.பி. நம் போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவுக்கே போதாத அந்த இடத்தில் ரூட்டரைத் துவக்கிவைக்கும் நிரல், முழு இயங்குதளம், நாம் பார்க்கும் செட்டிங்ஸ் பக்கங்கள் எல்லாம் அடக்கம். மூலையில் ஒரு துண்டு இடம் நம் செட்டிங்ஸுக்கு.

1984-இல் டோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஒரு எழுத்தை மட்டும் அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறு எழுத முடியாது. அந்த எழுத்து இருக்கும் பகுதி முழுவதையும் அழித்து, எல்லாவற்றையும் 1 ஆக்கி, பிறகு முழுவதையும் புதிதாக எழுத வேண்டும். அழித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி. அந்த இடைவெளியில் கரன்ட் தடுமாறினால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. அடுத்த முறை ரூட்டர் எழுந்திருக்கும்போது, செட்டிங்ஸ் பகுதியின் தலைப்பில் எழுதியிருக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்கும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், யாரையும் கேட்காமல் கம்பெனி செட்டிங்ஸுக்குத் திரும்பிவிடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரிவது, "மறந்துடுச்சு" என்பது மட்டும்.

ஒரு சின்னச் சோதனை

ரூட்டரோடு வந்த லேன் கேபிளைத் தேடி எடுத்து, லேப்டாப்பை நேரடியாகப் பெட்டியில் இணையுங்கள். வைஃபை வழியாக வைஃபையையே மாற்றினால், சேவ் கொடுத்ததும் இணைப்பு அறுந்து, பக்கம் பாதியில் நிற்கும். மாற்றம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதே தெரியாது. இன்னொன்றும் உண்டு. ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. போன்ற சில மென்பொருள்கள், மாற்றத்துக்குப் பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் உங்கள் பிரவுசர் மறுபடியும் ரூட்டரைத் தொடர்புகொள்ளாவிட்டால், நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்துப் பழைய செட்டிங்ஸைத் தாமாகவே திரும்பக் கொண்டுவந்துவிடும். உங்கள் நன்மைக்காகச் செய்த ஏற்பாடு; தெரியாதவருக்கு ரூட்டர் சேவ் செய்யவில்லை என்றே தோன்றும்.

கேபிளில் இணைந்த பிறகு, ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வைஃபை பெயரின் கடைசியில் ஓர் எண் சேர்த்தால் போதும். சேவ் கொடுத்து, வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்து பாருங்கள். நின்றிருந்தால், மெனுவில் இருக்கும் ரீபூட் வழியாக ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிலும் நின்றால், சில நிமிடம் கழித்துப் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் பொறுத்து மாட்டிப் பாருங்கள். அதிலும் நின்றால், இரண்டு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள். எந்தப் படியில் மறக்கிறதோ, அங்கேதான் கோளாறு. ஒரே சமயத்தில் ஐந்தாறு மாற்றம் செய்பவர்களுக்கு இந்த விடை கிடைக்காது.

கையோடு மறந்தால்

திரும்பி வந்து பார்க்கும்போதே பழையது இருக்கிறது என்றால், அந்த மாற்றம் ரூட்டருக்குள் போகவே இல்லை என்று பொருள். ஃபிளாஷைச் சந்தேகிக்க வேண்டாம்.

பிரவுசர் பழைய பக்கத்தைத் தன் நினைவிலிருந்து எடுத்துக் காட்டலாம். பாஸ்வேர்டுகளைத் தானாக நிரப்பும் வசதி, உங்களுக்குத் தெரியாமலே வைஃபை பாஸ்வேர்டுக் கட்டத்தில் ரூட்டரின் லாகின் பாஸ்வேர்டைப் போட்டு வைக்கலாம். விளம்பரத் தடுப்பு நிரல், ரூட்டர் பக்கத்தின் ஸ்கிரிப்ட்டையே நிறுத்திவிடலாம். தனிப்பட்ட உலாவல் ஜன்னலைத் திறந்து, அல்லது வேறு ஒரு பிரவுசரில் முயன்றாலே இந்த மூன்றும் தெளிந்துவிடும். போனில் ரூட்டர் ஆப்பும், லேப்டாப்பில் பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஒன்றை மூடிவிடுங்கள். பின்னால் சேவ் கொடுப்பது முன்னதை அழிக்கக்கூடும்.

அடுத்தது, நாம் கொடுக்கும் மதிப்பிலேயே இருக்கும் சிக்கல். வைஃபை பாஸ்வேர்டுக்கு 8 முதல் 63 எழுத்து என்பது விதி. அதுவும் ஆங்கில எழுத்து, எண், குறியீடுகள் மட்டும். மேற்கோள் குறி, 'அண்ட்' குறி, கடைசியில் ஓர் இடைவெளி இவையெல்லாம் சில மலிவான ரூட்டர்களின் மென்பொருளைக் குழப்பிவிடும். பிழை என்று சொல்லத் தெரியாமல், பேசாமல் பழையதையே வைத்துக்கொள்ளும்.

வீட்டு வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபை பெயருக்கு உள்ள எல்லை 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கொம்பும் புள்ளியும் தனிக் குறியீடுகளாகக் கணக்கில் சேரும். 'மீ' என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து, ரூட்டருக்கு ஆறு பைட். 'தமிழ் வீடு' என்று வைத்தால் இடைவெளியோடு சேர்த்து 28 பைட், நிற்கும். 'மீனாட்சி இல்லம்' என்று வைத்தால் 43 பைட், நிற்காது. சில ரூட்டர்கள் அதை மறுத்துவிடும், சில பாதியில் வெட்டிவிடும். பெயரைச் சுருக்கிக்கொண்டால் தமிழிலேயே வைக்கலாம், தாராளமாக வையுங்கள்.

இவற்றையெல்லாம்விட அதிகமாக ஏமாற்றுவது வேறொன்று: தப்பான பெட்டியில் செட்டிங்ஸ் மாற்றுவது. ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார். வீட்டுக்காரர் ஹாலில் சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி வைத்திருப்பார். இரண்டுக்கும் முகவரி 192.168.1.1 ஆகவே இருக்கலாம். பிரவுசரில் அந்த எண்ணைத் தட்டினால் எது திறக்கும் என்பது நீங்கள் அப்போது எதோடு இணைந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவர்ப் பெட்டியில் பெயரை மாற்றிவிட்டு, ஹால் ரூட்டரின் வைஃபை மாறவில்லையே என்று ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவர்கள் எத்தனையோ பேர். திறக்கும் பக்கத்தின் மேலே இருக்கும் மாடல் பெயரையும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும். மாற்றிய பிறகு பழைய எண்ணில் பக்கம் திறக்காது. அதையும் சேவ் ஆகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும் இருப்பதும் இதே குழப்பத்தைத் தரும்.

ரீஸ்டார்ட்டில் மறந்தால்

சேவ் ஆகி, நன்றாக வேலையும் செய்து, ரீபூட் ஆனதும் மறைகிறது என்றால், ஃபிளாஷில் எழுதும் கட்டத்தில்தான் ஏதோ தடை. மேலே சொன்ன தனி 'சேவ்' பட்டனை விட்டுவிட்டீர்களா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், பெரும்பாலும் இடம் போதாமைதான்.

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீலக் கறுப்புப் பெட்டியை, ரூட்டர்களோடு பழகியவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று தெரியவந்து, அதன் மூல நிரலை 2003-இல் நிறுவனம் வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்துதான் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி., டிடி-டபிள்யூ.ஆர்.டி. போன்ற சுதந்திர மென்பொருள்கள் பிறந்தன. அந்தப் பெட்டியில் செட்டிங்ஸுக்கு ஒதுக்கிய இடம் 32 கே.பி. மட்டும். போர்ட் திறப்புப் பட்டியல், நேரக் கட்டுப்பாடு, சாதனங்களின் பெயர்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு நாள் அது நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு புதிய மாற்றம் ஏறாது. சில சமயம் இருப்பதும் கெட்டு, எல்லாமே கம்பெனி நிலைக்குப் போய்விடும். பின்னால் வந்த ரூட்டர்களில் இந்த இடம் 64 கே.பி., அதற்கு மேலும் என்று வளர்ந்தது. ஆனாலும் மென்பொருளைப் பலமுறை புதுப்பித்த பெட்டிகளில், பழைய பதிப்பு விட்டுப்போன வரிகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இதற்கு மருந்து, முழு ரீசெட். பின்பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டையில் இருக்கும் பட்டனை, விளக்குகள் மின்னும் வரை பத்து நொடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இணைப்புக்கான பி.பி.பி.ஓ.இ. யூசர் நேம், பாஸ்வேர்டு, வி-லேன் எண் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் ரீசெட் செய்தால் இணைப்பு திரும்பி வர ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இணைப்புக் கம்பெனி கொடுத்த பெட்டி என்றால், அவர்களைக் கேட்காமல் ரீசெட் பட்டனைத் தொடவே வேண்டாம். ரீசெட்டுக்குப் பிறகு, முன்பு எடுத்துவைத்த பேக்கப் ஃபைலை ஏற்றும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். கெட்டுப்போன வரிகளும் அந்த ஃபைலோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். கையால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ரூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கும், அதன் ஹார்டுவேர் பதிப்புக்கும் பொருந்தும் புதிய ஃபர்ம்வேர், அதாவது ரூட்டரின் உள் மென்பொருள், இருந்தால் அதை ஏற்றிவிட்டு ரீசெட் செய்வது இன்னும் நல்லது. பதிப்பு எண் முக்கியம். டபிள்யூ.ஆர்.டி.54ஜி-யிலேயே, ஒரே பெயர், ஒரே உருவத்தில் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷ் 4 எம்.பி.யிலிருந்து 2 எம்.பி. ஆகிவிட்டது.

கரன்ட் போனால் மட்டும் மறந்தால்

மெனு வழியாக ரீபூட் செய்தால் நிற்கிறது; கரன்ட் போய் வந்தால் மறக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும், மழைக்காலத்தில் நிமிடத்துக்கு நிமிடம் வந்து போகும் கரன்ட்டும் நமக்குப் பழகியவை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர்.

ரூட்டரின் அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல எழுதியிருக்கும். பழைய அடாப்டர் கெட்டுப்போனதும், பின் பொருந்துகிறதே என்று செட்டாப் பாக்ஸின் அடாப்டரையோ, 9 வோல்ட் அடாப்டரையோ மாட்டிவிடுகிறோம். ரூட்டரின் விளக்குகள் எரியும், நெட்டும் வரும். ஆனால் எழுந்திருக்கும் நேரத்திலும், ஃபிளாஷில் எழுதும் நேரத்திலும், இரண்டு வைஃபை ரேடியோவும் சேர்ந்து இழுக்கும் நேரத்திலும் வோல்ட்டேஜ் சரியும். ஒரிஜினல் அடாப்டராகவே இருந்தாலும், நாலைந்து வருட வெப்பத்தில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் வீங்கிப்போனால் இதே கதைதான். மல்ட்டிமீட்டரை வெறும் அடாப்டரில் வைத்தால் 12 காட்டும். ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல், அதே துருவம் உள்ள அடாப்டரைக் கடன் வாங்கியாவது ஒரு நாள் மாட்டிப் பாருங்கள். புது ரூட்டரின் விலையை ஓர் அடாப்டர் மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், மாறும் அந்தக் கண நேரத்தில் ரூட்டர் அணைந்து எழுகிறதென்றால், ரூட்டருக்கென்றே விற்கும் மினி யூ.பி.எஸ். ஒன்று போடலாம். செட்டிங்ஸை மாற்றும் வேலையை மழையும் இடியும் இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டாம். ஃபர்ம்வேர் ஏற்றுவது கூடவே கூடாது.

அடாப்டர் சரியாக இருந்தும் மறந்தால், ரீசெட் பட்டனைப் பாருங்கள். தூசி, எறும்பு, ஈரம் ஏறி அந்தச் சின்னப் பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை எழும்போதும் யாரோ ரீசெட்டை அழுத்திப் பிடித்திருப்பதாகவே ரூட்டர் எடுத்துக்கொள்ளும். மெல்ல அழுத்தினால் 'டிக்' என்று உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

ஒன்றை மட்டும் கோளாறு என்று எண்ண வேண்டாம்: கடிகாரம். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் நேரத்தைக் காக்கும் பேட்டரி கிடையாது. கரன்ட் வந்ததும் 1970 ஜனவரி 1 என்றோ, கம்பெனி வைத்த வேறொரு தேதியிலிருந்தோ கணக்கைத் தொடங்கி, நெட் கிடைத்த பிறகு சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நெட் வராத வரை நேரம் தப்பாகவே இருக்கும். பிள்ளைகளுக்குப் போட்டுவைத்த இரவு நேரக் கட்டுப்பாடும் அதுவரை தாறுமாறாக நடக்கும். செட்டிங்ஸ் போய்விடவில்லை, கடிகாரம் இன்னும் சரியாகவில்லை, அவ்வளவுதான்.

எதுவும் நடக்காமலே மறந்தால்

கரன்ட் போகவில்லை, யாரும் தொடவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். முகவரியோ, வைஃபை பெயரோ, திறந்துவைத்த போர்ட்டோ மாறியிருக்கிறது. இந்த வகைதான் எனக்கு அதிகம் கவலை தருவது. இங்கே ரூட்டர் மறக்கவில்லை. வெளியிலிருந்து யாரோ மாற்றுகிறார்கள்.

பெரும்பாலும் அந்த யாரோ, உங்கள் இணைப்புக் கம்பெனி. இன்றைய பிராட்பேண்ட் பெட்டிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க டி.ஆர்-069 என்ற நெறிமுறை 2004 முதலே இருக்கிறது. பெட்டி எழும்போதும், குறித்த இடைவெளியிலும் கம்பெனியின் சர்வரோடு பேசும். அந்த சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலின்படி செட்டிங்ஸைத் திருத்தி எழுதலாம். ஃபைபர் பெட்டிகளில் ஓ.எம்.சி.ஐ. என்ற இன்னொரு வழியும் உண்டு. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பாமல் பழுது நீக்க இது வேண்டிய வசதிதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், உங்கள் வீட்டில் இருக்கும் பெட்டியில் எந்தெந்தச் செட்டிங்ஸ் உங்கள் கையில், எவை அவர்கள் கையில் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் லாகினில் பல பக்கங்கள் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் மாற்றினால் நிற்காது. அது தெரியாமல் ரூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பது நேர விரயம்.

இதற்கு நேரான வழி, வாடிக்கையாளர் சேவையை அழைத்து, மாற்ற வேண்டியதை அவர்கள் பக்கத்திலேயே மாற்றச் சொல்வது. கம்பெனியின் ஆப்பில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மாற்றும் வசதி இருந்தால் அதில் மாற்றுங்கள். அது அவர்களுடைய பட்டியலிலும் ஏறிவிடும். முழுக் கட்டுப்பாடு வேண்டுமென்றால், கம்பெனிப் பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் 'பிரிட்ஜ் மோடு'க்கு மாற்றித்தரச் சொல்லி, சொந்த ரூட்டர் ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். சில ஃபைபர் இணைப்புகளில் வீட்டு டெலிபோனும் அந்தப் பெட்டியிலேயே ஓடும். பிரிட்ஜ் மோடில் அது நிற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கம்பெனியும் மாற்றவில்லை என்று உறுதியாகிவிட்டால், மிச்சமிருப்பது திருடர்கள். 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. கம்பெனி வைத்த 'அட்மின்' என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவையே அதில் மாட்டின. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2018 மே மாதம் சிஸ்கோவின் டேலோஸ் பாதுகாப்பு ஆய்வுக் குழு அம்பலப்படுத்திய வி.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல், குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளில் புகுந்திருந்தது. ரீஸ்டார்ட் செய்தாலும் தான் போய்விடக் கூடாது என்பதற்காக, நாம் இதுவரை பேசிய அதே செட்டிங்ஸ் பகுதியில் அது தன்னை எழுதிவைத்துக்கொண்டது.

2025 மே மாதம் கிரேநாய்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தி இன்னும் கூர்மையானது. ஏசூஸ் ரூட்டர்கள் சுமார் 9,000-இல் திருடர்கள் எந்தத் தீநிரலையும் ஏற்றவில்லை. ரூட்டரில் ஏற்கெனவே இருக்கும் தொலைநிலை லாகின் வசதியை 53282 என்ற போர்ட்டில் திறந்துவைத்து, தங்கள் சாவியைச் செட்டிங்ஸாகவே சேவ் செய்துவிட்டார்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலும் அது போகவில்லை. ஃபர்ம்வேர் புதுப்பிப்பு செட்டிங்ஸைத் தொடாது அல்லவா? முழு ரீசெட் ஒன்றே அதைத் துடைத்தது. நீங்கள் வைத்தது நிற்காமல், நீங்கள் வைக்காத ஒன்று நிற்கிறது என்றால் அது அவசரம். டி.என்.எஸ். கட்டத்தில் உங்களுக்கோ கம்பெனிக்கோ தெரியாத எண் இருந்தால், வங்கி ஆப்பைத் திறப்பதற்கு முன் ரூட்டரை ரீசெட் செய்யுங்கள்; கம்பெனிப் பெட்டி என்றால் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை மூடுங்கள்.

உண்மையிலேயே தேய்ந்துபோனால்

ஃபிளாஷுக்கும் ஆயுள் உண்டு. 25கியூ64 வகைச் சில்லின் ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது 1,00,000 முறை அழித்து எழுதலாம் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. தினம் ஒருமுறை செட்டிங்ஸ் மாற்றினாலும் 270 வருடம் தாங்கும். ஆகவே, நீங்கள் அடிக்கடி பாஸ்வேர்டு மாற்றியதால் ரூட்டர் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால், டேட்டா கணக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிளாஷின் ஒரே பகுதியில் எழுதும்படி ஒரு மென்பொருளை அமைத்தால், நாளுக்கு 288 முறை. ஒரு வருடம் முடிவதற்குள் அந்த எல்லை வந்துவிடும். அப்படி ஏதாவது இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

அடாப்டர் மாற்றி, ரீசெட் செய்து, புது ஃபர்ம்வேரும் ஏற்றிய பிறகும் ஒரே ஒரு எழுத்து மாற்றம்கூட ரீபூட்டைத் தாண்டவில்லை என்றால்தான் சில்லு போய்விட்டது என்று முடிவுக்கு வரலாம். சென்னை ரிச்சி தெருவைப் போன்ற இடங்களில், அந்த எட்டுக் கால் சில்லைக் கழற்றி வேறு போட்டு, நிரலை ஏற்றித்தரத் தெரிந்த கைகள் இருக்கின்றன. விலை கூடிய ரூட்டருக்கு அது பொருந்தும். மலிவான ரூட்டர், அதுவும் நிறுவனம் ஃபர்ம்வேர் வெளியிடுவதை நிறுத்திவிட்ட மாடல் என்றால், ரிப்பேர் செய்து பாதுகாப்பில்லாத பெட்டியை வைத்துக்கொள்வதைவிடப் புதியது வாங்குவதே சரி. வாரன்டிக் காலம் மீதியிருந்தால் மூடியைத் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். எந்தப் படியில் மறக்கிறது என்று எழுதியும் கொடுங்கள். "நெட் வரல" என்று சொன்னால், அங்கே மாட்டிப் பார்த்து நெட் வருகிறது என்று திருப்பித்தந்துவிடுவார்கள்.

இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. பெட்டியை மாட்டிவிட்டுப் போகும்போது, அட்மின் பாஸ்வேர்டையும், வாடிக்கையாளர் எதையெல்லாம் மாற்றலாம் என்பதையும், தொலைவிலிருந்து நீங்கள் எதையெல்லாம் மாற்றுவீர்கள் என்பதையும் ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். செட்டிங்ஸைத் திருத்தும் நாளில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாசகர்களும் புதிய இணைப்பு வாங்கும்போது, படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேளுங்கள்.